வெள்ளைப் புள்ளிக் கூண்டுகள்

எலிக்கா என்ற பெயரை அவருக்கு யார் வைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு முன்னால் அந்த ஆய்வகத்தில் இருந்தவர்கள் எலி அக்கா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அது வாய்க்கு வாய் தேய்ந்து எலிக்கா ஆகிவிட்டது. சம்பளப் பட்டியலில் அவர் விலங்கறை உதவியாளர். கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத ஒரு நீள அறை அவருடைய இடம். காலை ஏழு மணிக்கு விளக்குகள் தாமாக எரியும், மாலை ஏழு மணிக்குத் தாமாக அணையும். வெளியே மழையா வெயிலா என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்த அறையில் அவர் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தார்.

மரத்தூளும் எலி மூத்திரமும் கலந்த ஒரு வாடை அவர் உடம்பில் ஏறியிருந்தது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. "பஸ்ஸுல எவ்ளோ கூட்டம்னாலும் என் பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கும். மந்திரிக்குக்கூட அந்த மரியாத கெடைக்காது" என்று சொல்லிவிட்டு முதலில் அவரே சிரிப்பார். நாம் சிரித்து முடிப்பதற்குள் நிறுத்திவிடுவார்.

தீனி மூட்டை வாங்க ஸ்டோருக்குப் போனால் ஸ்டோர்க்காரர் விடமாட்டார்.

"என்ன எலிக்கா, சொந்தபந்தம் எல்லாம் சாப்டாச்சா?"

"எல்லாரும் சாப்டாச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி. கூண்டுல எடம் இருக்கு, வா."

ஒரு நாளில் அவர் மனிதர்களோடு பேசியது பெரும்பாலும் அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதற்கு மேலும் படிக்கிறேன் என்று அந்த ஆய்வகத்தில் சேர்ந்தபோது என்ன படிக்கிறேன் என்பதை அம்மாவுக்கு விளக்க முடியவில்லை. வயதான மூளையில் ஹார்மோன்கள் ஞாபகத்தை என்ன செய்கின்றன என்று பார்க்கிறோம், அதற்காகக் கிழட்டு எலிகளைத் தொட்டியில் நீந்த விடுகிறோம் என்றேன். "எலிக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கவா உன்ன இவ்ளோ படிக்க வெச்சோம்?" என்றார் அம்மா. கேலிதான். ஆனால் அதன் பிறகு அவர் என் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆய்வகத்தில் மற்றவர்கள் சாப்பிடும்போது பேசிக்கொள்ளும் விஷயங்களும் எனக்குப் பிடிபடவில்லை. அவர்கள் வீடுகளில் புத்தக அலமாரி இருந்திருக்கிறது. அதனால் நான் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். விலங்கறைக்கு வெளியே கைகழுவும் இடத்தில் இரண்டு முக்காலிகள் உண்டு. ஒன்றில் எலிக்கா, இன்னொன்றில் நான். அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவார். சில நாட்களில் எனக்கு முன்னால் அங்கே படித்த ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நான் திருத்துவதில்லை.

அவருடைய கதையை அந்த முக்காலியில்தான் துண்டு துண்டாகக் கேட்டேன். கணவர் பஸ் டிரைவர். "வேற ரூட்டு கெடச்சுது, போய்ட்டாரு" என்பார். அந்த ரூட்டில் வேறு ஒரு குடும்பம் இருந்தது என்பதை இன்னொரு நாள் சொன்னார். ஒரே மகன் தொலைதூர நாட்டில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவான். இவருக்குப் பணி ஓய்வு ஐம்பத்தெட்டு வயதில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் எங்கள் பேராசிரியர் ஒரு படிவத்தில் 'பணிக்குத் தகுதியானவர்' என்று கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருஷம் நீட்டிப்பு. இப்போது அறுபது நடக்கிறது. அந்தக் கையெழுத்துக்காக அவர் பேராசிரியர் அறை வாசலில் காத்திருப்பதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அந்த அறையை விட்டால் போக இடம் இல்லை என்று அவர் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியும்.

என் பரிசோதனை இதுதான். இருபது மாதம் ஆன இருபத்து நான்கு பெண் எலிகள். எலிக்கு அது கிழப்பருவம். எல்லாவற்றுக்கும் கருப்பைப் பக்கத்திலிருக்கும் சூலகங்களை எடுத்துவிட்டிருந்தோம். பாதி எலிகளுக்கு, உடம்பு இனிமேல் சுரக்காத அந்தப் பெண்மை ஹார்மோனை நல்லெண்ணெயில் கரைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி போட வேண்டும். மீதிப் பாதிக்கு வெறும் நல்லெண்ணெய். எந்த எலிக்கு எது என்பது ஊசி போடும் எனக்கே தெரியக்கூடாது, தெரிந்தால் என் கை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். அதனால் பேராசிரியர் மருந்துக் குப்பிகளில் நீலப் புள்ளி, வெள்ளைப் புள்ளி மட்டும் வைத்து, விவரத்தை ஓர் உறையில் ஒட்டி அவர் மேஜைக்குள் பூட்டிவிட்டார். கூண்டு அட்டைகளிலும் அதே புள்ளிகள். சில மாதம் கழித்து எலிகளை வட்டத் தொட்டியில் விடுவோம். பால்பவுடர் கலந்த தண்ணீருக்கு ஓர் அங்குலம் கீழே ஒரு சிறு மேடை ஒளிந்திருக்கும். சுவரில் இருக்கும் அடையாளங்களைப் பார்த்து, நேற்று மேடை எங்கே இருந்தது என்று ஞாபகம் வைத்திருக்கும் எலி நேராக அங்கே நீந்தி ஏறிக்கொள்ளும். ஞாபகம் இல்லாதது சுற்றிச் சுற்றி நீந்தும்.

முதல் மாதத்திலேயே எலிக்கா கேட்டார். "ஊசியில என்ன பாப்பா இருக்கு?"

நான் சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் என் படிப்பைப் பற்றி என்னிடம் ஆர்வமாகக் கேட்ட முதல் ஆள் அவர். "ஹார்மோன்ங்கறது ஒரு சேதி மாதிரிக்கா. ரத்தத்துல வரும். மூளையில இருக்கற செல்லுல அத வாங்கறதுக்குன்னே ஒரு வாசல் இருக்கும். வாங்கினதும் உள்ள ஒண்ணு இன்னொண்ண எழுப்பும், அது அடுத்தத எழுப்பும். கடைசியில செல்லு பக்கத்து செல்லோட புதுசாக் கை கோக்கும். அந்தக் கோப்புதான் ஞாபகம். வயசாயிட்டா சேதியும் கொறஞ்சுடும், வாங்கற வாசலும் கொறஞ்சுடும்."

"சேதியும் வராது, வந்தா வாங்க ஆளும் இல்ல. எங்க வீட்டச் சொல்ற மாதிரியே இருக்கு" என்றார். பிறகு, "அப்போ வெறும் எண்ணெய் போடறது எதுக்கு?" என்று கேட்டார்.

"ஒப்பிட்டுப் பாக்கக்கா. அதுங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே."

அவர் டப்பாவை மூடிவிட்டுக் கூண்டு கழுவப் போய்விட்டார்.

ஐந்தாவது மாத முடிவில் எலிகளை நீந்த விட்டேன். ஒவ்வொன்றையும் நாளுக்கு நான்கு முறை, ஐந்து நாட்களுக்கு. கணக்குப் போட்டு முடித்ததும் பேராசிரியர் உறையைப் பிரித்தார். நீலப் புள்ளி ஹார்மோன், வெள்ளைப் புள்ளி வெறும் எண்ணெய். நீலம் நன்றாக நீந்தியிருந்தது. வெள்ளையும் அதே அளவு நன்றாக நீந்தியிருந்தது. இரண்டு கோடுகளும் திரையில் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. அப்படியென்றால் மருந்து ஒன்றுமே செய்யவில்லை, அல்லது எங்கோ தப்பு.

பேராசிரியர் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "வாராவாரம் கூண்டு மாத்தறது யாரு?"

"எலிக்கா சார்."

"வால்ல மை வளையம் போடறது?"

எலிகளை அடையாளம் காண வாலில் மார்க்கரால் வளையங்கள் போடுவோம். நான்கைந்து நாளில் அழிந்துவிடும், மறுபடி போட வேண்டும். "அதும் எலிக்காதான் சார்."

"அவ்ளோதான். எலிய ஒரு கூண்டுலயும் அட்டைய இன்னொரு கூண்டுலயும் வெச்சிருக்கும் அந்தம்மா. போன மாசம் குழாயத் தெறந்துவிட்டுட்டுப் போய்க் கழுவற ரூம் பூரா தண்ணி. வெப்பநிலைத் தாள்ல ஒரே தேதிய ரெண்டு தடவ எழுதி வெச்சிருக்கு. உங்கள யாரு பேரச் சொல்லிக் கூப்பிடுது?"

நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது.

அவர் கெட்டவர் இல்லை. "பாவம், வெளிய அனுப்ப வேண்டாம்" என்றார். நீட்டிப்புப் படிவத்தில் 'ஞாபகக் குறைவு; விலங்கறைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கலாம்; எளிய பணி தரலாம்' என்று பென்சிலால் எழுதினார். எளிய பணி என்றால் முதல் மாடியில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் அறை. இரண்டு வாரத்தில் எலிகளை மறுபடி நீந்த விட்டுப் பார்த்துவிட்டுப் பேனாவால் எழுதலாம் என்றார்.

எலிக்காவிடம் அவரே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். எலிக்கா வாதாடவில்லை. "நான் மாத்தினேனா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கும் என்பது போல. மாற்றவில்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் நின்று, அட்டையைப் பார்த்து, வாலைப் பார்த்து, மறுபடி அட்டையைப் பார்த்து, நகர்ந்து, திரும்பி வந்து மறுபடி பார்த்தார். ஸ்டோர்க்காரர் ஏதோ கேலி செய்ய, இவர் பதில் சொல்லவில்லையாம். "எலிக்காவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவர் என்னிடம் வந்து கேட்டார்.

அட்டைகள் மாறினவா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. நீச்சல் முடிந்ததும் ஒவ்வொரு எலியின் வாலிலிருந்தும் துளி ரத்தம் எடுத்து உறைபெட்டியில் வைத்திருந்தேன். ஹார்மோன் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். பேராசிரியரிடம் கேட்டபோது வேண்டுமானால் பாருங்கள் என்றார். பார்த்தேன். நீலப் புள்ளி எலிகள் எல்லாவற்றிலும் ஹார்மோன் இருந்தது. வெள்ளைப் புள்ளி ஒன்றில்கூட இல்லை. ஒரு கூண்டு மாறவில்லை. ஒரு வால் மாறவில்லை.

அப்போதே ஓடிப் போய் எலிக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வேறு ஒருவர் மிச்சம் வைத்த ரத்தச் சோதனைக் கிட் ஒன்று கையில் இருந்தது, பதற்ற ஹார்மோனை அளப்பது. அதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இந்த ஹார்மோனுக்கு ஒரு குணம் உண்டு. உடம்பு பயந்தால் அது ரத்தத்தில் ஏறும். போதும் நிறுத்து என்று சொல்கிற இடங்களில் ஒன்று மூளையில் ஞாபகத்தைக் காக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி. வயதாகும்போது அங்கே அந்தச் சேதியை வாங்கும் வாசல்கள் குறைகின்றன. நிறுத்துகிற ஆள் சோர்ந்துவிடுவதால் ஹார்மோன் நிற்காமல் ஏறுகிறது. நிற்காமல் ஏறும் ஹார்மோன் அந்த ஆளையே இன்னும் சோர்வாக்குகிறது. கிழட்டு எலிகளில் அது அதிகமாக இருக்கும் என்பது எதிர்பார்த்ததுதான். நீலப் புள்ளி எலிகளில் அப்படித்தான் இருந்தது. வெள்ளைப் புள்ளி எலிகளில் பாதிக்கும் கீழே இருந்தது. அவை பயப்படாமல் வாழ்ந்திருக்கின்றன. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் மதியம், வழக்கமாகப் போகும் நேரத்துக்கு அரைமணி முன்னால் கீழே போனேன். கதவில் ஒரு கையகலக் கண்ணாடி உண்டு. உள்ளே எலிக்கா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். நீலக் கோட்டின் கைக்குள்ளிருந்து ஒரு வெள்ளை மூக்கு எட்டிப் பார்த்தது. அவர் அதன் முதுகை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தார். கதவை மெல்லத் தள்ளினேன்.

"போதும், எறங்கு. ஒனக்கு மட்டுமா நான்? பின்னாடி இருக்கறவ மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா பாரு. நேத்து அவளுக்கு நேரம் பத்தல."

என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். எலியைக் கீழே போட்டுவிடவில்லை. நிதானமாகக் கூண்டுக்குள் விட்டு, மூடியைப் போட்டு, கொக்கியை மாட்டிவிட்டுத்தான் திரும்பினார். அட்டையில் வெள்ளைப் புள்ளி.

"தெனமும் எடுப்பீங்களாக்கா?"

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"வெள்ளப் புள்ளிய மட்டும்."

"உறையத் தொறக்கற வரைக்கும் எனக்கே தெரியாதேக்கா. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மருந்து உள்ள போறதுங்க தீனிய மிச்சம் வைக்கும் பாப்பா. மத்ததுங்க ஒரு துணுக்கு வைக்காது. மிச்சத்த அள்ளறது நான்தான?"

சரிதான். அந்த ஹார்மோன் பசியைக் குறைக்கும். பாடத்தில் படித்திருக்கிறேன். பூட்டிய உறையை நாங்கள் ஐந்து மாதம் மதித்துக்கொண்டிருந்தோம். அவர் குப்பைத் தொட்டியைப் பார்த்துச் சில வாரங்களிலேயே விடையைத் தெரிந்துகொண்டுவிட்டார்.

"ஏன்க்கா?" என்றேன்.

அவர் கையுறைகளைக் கழற்றினார். "இதுங்களுக்கு எடுத்த சூலகத்தத்தான் எனக்கும் எடுத்தாங்க. நாப்பத்தொரு வயசுல. கட்டி இருக்குன்னு மொத்தமாத் தொடச்சு எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ராத்திரியெல்லாம் ஒடம்பு தீயா எரியும். வாய்க்கு வர்ற வார்த்த பாதியில நின்னு போயிடும். டாக்டரக் கேட்டா, எல்லாருக்கும் வர்றதுதாம்மா, போம்மான்னாரு. இதுங்களுக்காவது வெறும் எண்ணெய் கெடைக்குது. எனக்கு அதுகூட யாரும் போடல." கையுறைகளைக் குப்பையில் போட்டார். "ஒண்ணுமே கெடைக்காதுன்னு நீ சொன்னியா. பத்து நிமிஷம் கையில வெச்சிருந்தா என்ன கொறஞ்சுடப் போவுதுன்னு நெனச்சேன். தப்பா?"

தப்புதான் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. தொட்டுப் பழகிய எலிக்குத் தொட்டியில் தூக்கிப் போடும்போது பயம் குறைவு, பயம் குறைந்தால் அந்த ஹார்மோன் குறையும், அது குறைந்தால் ஞாபகம் நிற்கும். மருந்து கிடைத்தவை மருந்தால் ஞாபகம் வைத்திருந்தன. மருந்து கிடைக்காதவை அவர் கோட்டுக்கைக்குள் இருந்ததால் ஞாபகம் வைத்திருந்தன. நான் இதைச் சொன்னதும் முதலில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ நான் அட்டைய மாத்தல?"

"ஒண்ணுகூட மாத்தலக்கா."

வாளிமேல் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அழுதாரா என்று தெரியவில்லை, முகக்கவசம் போட்டிருந்தார்.

பேராசிரியரிடம் வாய்மொழியாகச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுத்துல குடுங்க. ஆனா ஒண்ணு யோசிங்க. மறதின்னா எளிய பணி தரலாம், அதுக்கு விதியில எடம் இருக்கு. தெரிஞ்சே பரிசோதனையில கைய வெச்சாங்கன்னு எழுத்துல வந்தா நீட்டிப்பே கெடையாது. நானே நெனச்சாலும் முடியாது. பென்சில்ல எழுதினது அப்படியே இருக்கட்டும்னா, வாய்மொழியா எனக்குத் தெரிஞ்சது போதும். எலிகள வெச்சு வேற வேலை பாத்துக்கலாம். முடிவு உங்களோடது."

முடிவு என்னுடையது என்று அவர் சொன்னதை ஒரு நாள் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். மறதி என்று விட்டுவிட்டால் எலிக்காவுக்கு வேலை இருக்கும், சம்பளம் இருக்கும், ஸ்டோர்க்காரரோடு வாய்ச்சண்டை இருக்கும். அதுதான் இரக்கம் என்று பட்டது. பிறகு ஒரு சந்தேகம் வந்தது. எண்ணெய் எலிகளைப் பற்றி அவரிடம் உளறியது நான். கடிதம் எழுதினால் அதையும் எழுத வேண்டும். என் இரக்கத்தில் எவ்வளவு அவருக்கு, எவ்வளவு எனக்கு? பிரித்துப் பார்க்க முடியவில்லை. படித்தவள் இதையெல்லாம் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவள் என்று எங்கள் வீட்டில் நினைக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடும்போது தரை லேசாக அதிரும். கட்டில், அடுப்பு, ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலி இல்லை, நான் கட்டிலில் உட்கார்ந்தேன். நான் உள்ளே நுழையும்போது மகனோடு போனில் இருந்தார். "ம்... சரிப்பா... ம்... அப்படியா" என்பதைத் தவிர அவர் எதுவும் பேசவில்லை. வைத்ததும் சொன்னார்:

"முன்னெல்லாம் நான்தான் பேசுவேன். போன வருஷம் ஒரு நாள், அம்மா இதையே போன வாரமும் சொன்னியேன்னான். அதுலேருந்து பயம். கேக்கறது மட்டும்தான். கேட்டா தப்பு வராதுல்ல?"

பேராசிரியர் சொன்ன இரண்டு வழிகளையும் நான் மறைக்காமல் சொன்னேன். எது எழுதினால் என்ன ஆகும் என்பதையும்.

அவர் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தார். டீ போட்டார். இரண்டு தம்ளரிலும் ஊற்றி வைத்தபின் பேசினார்.

"எங்க பெரியக்காவுக்கு இந்த மறதி வந்துச்சு பாப்பா. நெசமான மறதி. பிள்ளைங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. ஆனா ஒருக்கா மறதின்னு ஆயிட்டா அப்புறம் நம்ம வாய்ப்பேச்சுக்கு மதிப்பே இல்ல. ஒரு நாள் நான் போயிருந்தேன். பசிக்குது, நான் சாப்டலன்னா அக்கா. நீங்க சாப்டாச்சும்மா, மறந்துட்டீங்கன்னு சொல்லிட்டா மருமக. அக்கா திரும்பத் திரும்பச் சொன்னா. எல்லாரும் சிரிச்சுக்கிட்டே, சாப்டாச்சும்மா, சாப்டாச்சும்மான்னாங்க. நான் சமயக்கட்டுல போய்ப் பாத்தேன். அவ தட்டு மூடி வெச்ச மாதிரியே இருந்துச்சு. அவ நெசமாவே சாப்டல."

கீழே மெஷின் ஓடி நின்றது.

"எனக்கு மறதி இல்லன்னு சொல்ல வரல. இருக்கலாம். கொழாயத் தெறந்து விட்டது நான்தான். ஆனா இந்தக் காரியத்த நான் மறந்து போய்ச் செய்யல. தெரிஞ்சுதான் செஞ்சேன். அத என்கிட்டேருந்து எடுத்துட்டு, பாவம் மறந்துட்டான்னு பாட்டில் கழுவ உக்கார வெச்சா, நாளைக்கு அங்க ஒரு பாட்டில் ஒடஞ்சாலும் எலிக்காதான். நான் ஒடைக்கலன்னா யாரு நம்புவா? நானே நம்ப மாட்டேன். இந்த ரெண்டு வாரம் நம்பலியே."

"வேலை போயிடும்க்கா."

"போவட்டும். எழுது."

அந்தக் கட்டிலில் உட்கார்ந்தே எழுதினேன். ஐந்து மாதமாக என்று எழுதியதைப் படித்துக் காட்டியதும் நிறுத்தினார். "அஞ்சு மாசம் இல்ல. ரெண்டாவது வாரம் முடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது. ஞாயித்துக்கெழம நான் வர்றதில்ல. நடுவுல காய்ச்சல்ல மூணு நாள் வரல. சரியாப் போடு." சரியாகப் போட்டேன். 'தெரிந்தே செய்தார்' என்ற வரிக்குக் கீழே, எண்ணெய் எலிகளுக்கு ஒன்றும் கிடைக்காது என்று அவரிடம் சொன்னது நான் என்றும் எழுதினேன்.

"அது எதுக்கு? ஒன்னோட படிப்பு?"

"அதும் நடந்ததுதானக்கா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. படிப்பு ஒரு வருஷம் தள்ளிப் போனது. பேராசிரியர் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்துவிட்டு, நீட்டிப்பு இல்லை என்று பேனாவால் எழுதினார். அழித்த இடத்தில் தாள் கொஞ்சம் மெலிந்திருந்தது. எலிக்காவை நேரில் கூப்பிட்டு, "இருபத்தேழு வருஷத்துல உங்க அட்டை ஒண்ணுகூட மாறினதில்ல, அத நான் சொல்லியிருக்கணும்" என்றார். எலிக்கா "சரிங்க சார்" என்றார்.

கடைசி நாள் பொறுப்பு ஒப்படைக்க வேண்டும். புது உதவியாளர் இன்னும் வரவில்லை, அதனால் நான் நோட்டோடு போனேன். எலிக்கா அட்டைகளைப் பார்க்கவில்லை. கூண்டு வரிசைக்கு முதுகைக் காட்டி, அறை மூலையிலிருந்த குழாய்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தார். ஒன்று, காதில் ஒரு கீறல், தூக்கும்போது வயிற்றைப் பிடிக்கக்கூடாது. இரண்டு, கடிக்கும், ஆனால் பயமுறுத்தத்தான். மூன்று, தண்ணீர்க் குழாயை அசைத்துச் சத்தம் போடும், அடைப்பு என்று நினைத்துவிடாதே. நான் எழுதிக்கொண்டே திரும்பிக் கூண்டுகளைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பதினாறு வரை ஒரு தப்பு இல்லை.

"பதினேழு. அது இப்ப ரொம்ப எளச்சுப் போச்சு. தீனிய ஊற வெச்சுப் போடு."

எண்ணை எழுதியதோடு என் பேனா நின்றது. மூன்றாவது வரிசையில் ஒரு கூண்டு காலியாக, கழுவிக் கவிழ்த்து இருந்தது. பதினேழாம் எலி நீச்சல் முடிந்த வாரமே இறந்துவிட்டது.

எழுதிக்கொள்வது போல் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். இல்லை, வேறு ஒன்று சொல்லலாம். 'மறந்துட்டீங்கக்கா' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. எங்கள் துறையில் மறதிக்கு அளவுகோல்கூட இருக்கிறது.

"பதினேழு செத்துப் போச்சுக்கா. போன மாசம்."

அவர் திரும்பவில்லை. குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அவர் அதை இறுக்கி மூடினார், ஒரு முறை, இன்னொரு முறை.

"ஆமா. நான்தான் பையில போட்டு எடுத்துட்டுப் போனேன்" என்றார்.

"ஆமாக்கா."

"அடிச்சுடு."

அடித்தேன்.

"பதினெட்டு" என்றார். அவர் குரல் கொஞ்சம் மெதுவாகியிருந்தது. "அது எப்பவும் பின்பக்கச் சொவரப் பாத்துதான் படுக்கும். செத்துப் போச்சுன்னு நெனச்சுடாத. பேரு சொல்லிக் கூப்பிடு, காத அசைக்கும்."

என்ன பெயர் என்று கேட்டேன். சொன்னார். எழுதிக்கொண்டேன்.